எங்கே வழுக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும்

கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் காருக்கு எந்தக் கியர் ஆயில் ஊற்றுவது என்ற கேள்வியே எழாது. கையேட்டில் ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்து ஊற்றிவிடலாம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல பேருடைய பல மாத வேலை இருக்கிறது என்பது நம் கண்ணில் படுவதில்லை. கியர்பாக்ஸைப் பிரித்து உள்ளே இருப்பதை மாற்றிய அன்றுதான் அது உறைக்கும். அன்றிலிருந்து அந்த வரி செல்லாது. அந்த வேலையை இனி நாம்தான் செய்தாக வேண்டும்.

நான் சொல்லப்போவது ஒரு மாருதி எஸ்டீமின் கியர்பாக்ஸைப் பற்றி. 1.3 லிட்டர் எஞ்சின், முன்சக்கர இயக்கம், ஐந்து கியர். இந்தியப் பந்தயங்களில் நெடுங்காலம் ஓடிய வண்டி. நண்பன் ஒருவன் அதை இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுகிறான். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் ஓடுபாதை அது. ஸ்பான்சர் எல்லாம் கிடையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓட்டுகிறவன். வாரநாளில் கோடு எழுதும் நான் வார இறுதியில் அவனுக்குக் கணக்குப்பிள்ளை: டயர் அழுத்தம், சூடு, லேப் நேரம் எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். ஸ்பேனர் பிடிப்பவர் லாரிப் பட்டறையில் தொழில் பழகிய ஒரு அண்ணன். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கியர்பாக்ஸ். சனிக்கிழமை பயிற்சியில் அது போனால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கிடையாது. கட்டிய பணமும் திரும்பாது.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு விஷயங்களை மாற்றியிருந்தோம். முதலாவது, கியர்கள். சாதாரணக் காரில் கியரின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் விலகுவதற்குள் அடுத்த பல் சுமையை வாங்கிக்கொள்ளும், அதனால் சத்தம் வராது. பந்தயத்துக்கு நேராக வெட்டிய பற்கள். சாய்வு இல்லாததால் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் சுமை தாங்கும் பற்கள் குறைவு, காரும் ஊளையிட்டுக்கொண்டே ஓடும். இரண்டாவது, டிஃபரன்ஷியல். வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையில் பிடிப்பிழந்து வீணாகச் சுற்றாமலிருக்க, தகடுகள் ஒன்றோடொன்று உரசிப் பிடிக்கும் லிமிடெட் ஸ்லிப் வகையைப் போட்டிருந்தோம். மாற்றாமல் விட்டது சிங்க்ரோ ரிங். பித்தளை, கம்பெனி போட்டது. அதையும் மாற்றக் காசில்லை, அவ்வளவுதான்.

முன்சக்கர இயக்கக் காரில் இவை அத்தனையும் ஒரே உறைக்குள், ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. பின்சக்கர இயக்க வண்டியில் கியர்பாக்ஸுக்கு ஒரு ஆயில், பின்னால் கிரவுனுக்கு வேறு ஆயில் என்று பிரித்து ஊற்றலாம். இங்கே அது முடியாது. இரண்டு லிட்டர் சொச்சம் ஆயில் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்த எல்லோரும் கேட்பது ஒன்றல்ல.

*

ஆயில் டப்பாவில் இரண்டு விதமான எண்கள் இருக்கும். 75டபிள்யூ-90 என்பது அடர்த்தியைச் சொல்கிறது (சரியாகச் சொன்னால் பாகுநிலை). பின்னால் வரும் 90 என்றால் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 13.5-லிருந்து 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள். 140 என்றால் 24-லிருந்து 32.5 வரை. முன்னால் வரும் 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 டிகிரியிலும் ஆயில் உறையாமல் அசையும் என்று பொருள். ஸ்ரீபெரும்புதூரில் மைனஸ் 40 வரப்போவதில்லை. ஆனாலும் அந்த எண் இருந்தால், காலையில் ஆறிப்போன பெட்டிக்கும் மதியம் கொதிக்கிற பெட்டிக்கும் நடுவே ஆயில் ரொம்பவும் குணம் மாறாது என்று ஓரளவு நம்பலாம்.

இன்னொன்று, ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற ஏபிஐ தரம். ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே புதியது, நல்லது என்றுதான் மென்பொருள் ஆட்களுக்குத் தோன்றும். இங்கே அது பதிப்பு எண் அல்ல, வேறு வேலைக்கான வேறு ஆயில். 1920-களில் ஹைப்பாய்டு கியர்கள் வந்தன. பின் அச்சில் பினியன் மையத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்து கிரவுனைச் சுற்றும் அமைப்பு. அதில் பல் பல்லின் மேல் உருள்வதோடு நிற்காமல் இழுபட்டு உரசவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் கிழிந்து இரும்பு இரும்பைத் தொட்டால், இரண்டும் நுண்ணிய அளவில் பற்றவைத்த மாதிரி ஒட்டிப் பிய்ந்துவிடும். அதைத் தடுக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்ப்பான்கள் வந்தன. சூடும் அழுத்தமும் ஏறும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். அந்தத் தோல் தேயும், பல் பிழைக்கும். தேய்ந்த இடத்தில் மறுபடி தோல் வளரும். ஜிஎல்-5 என்பது இந்தச் சேர்ப்பான் தாராளமாக உள்ள ஆயில். டப்பாவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும் அந்தக் கந்தக வாடை இதனால்தான். ஜிஎல்-4-இல் தோராயமாகப் பாதி இருக்கும்.

இந்தச் சேர்ப்பான் பித்தளையை அரிக்கும் என்று பட்டறைகளில் பொதுவாகச் சொல்வார்கள். மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் ஊறவைத்து, நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் சோதனையே இருக்கிறது. இன்றைய நல்ல ஜிஎல்-5 ஆயில்கள் பலவும் அதில் தேறிவிடுகின்றன. ஆகவே அரிப்பு மட்டுமே கதையல்ல. சிங்க்ரோவின் உண்மையான பிரச்சினை வேறு: அதற்கு உராய்வு வேண்டும்.

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆயிலே உராய்வைக் குறைக்கத்தானே? ஆனால் 1928-இல் காடிலாக் கார்களில் ஏர்ல் தாம்ப்சனின் சிங்க்ரோமெஷ் வந்ததிலிருந்து, கியர்பாக்ஸின் நடுவில் குட்டி பிரேக் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நாம் கியரைத் தள்ளும்போது பித்தளை ரிங் ஒன்று கூம்பு மாதிரியான பரப்பின் மேல் அழுந்தி, வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அதுவரை கியர் உள்ளே போகாமல் தடுத்தும் வைக்கிறது. ரிங்கின் உள்பக்கம் மெல்லிய வரிகள் இருக்கும், நடுவில் மாட்டிய ஆயிலை வழித்துத் தள்ள. ஆயில் ரொம்ப கெட்டியாக இருந்தால் வழித்து முடிவதற்குள் நேரம் போய்விடும். ரொம்ப வழுக்கினால் வழித்த பிறகும் ரிங் பிடிக்காது. இரண்டிலும் கையில் கேட்பது ஒரே ‘கர்ர்ர்’தான்.

டிஃபரன்ஷியல் தகடுகள் கேட்பது இதற்கு நேர் எதிர். நின்ற நிலையில் கெட்டியாகப் பிடித்து, அசைந்ததும் விடுகிற உராய்வாக இருந்தால், மெதுவான வளைவில் பிடித்துப் பிடித்து விடும், வண்டி டக் டக்கென்று அதிரும். அதற்காக ஆயிலில் உராய்வைத் தணிக்கும் மருந்து கலப்பார்கள். தகடு அமைதியாகிவிடும். அதே ஆயிலில் ஊறும் சிங்க்ரோ ரிங்கும் அதே மருந்தைக் குடிக்கும்.

*

வாங்கிய இடத்தில் சொன்னபடி முதலில் ஊற்றியது தகடுக்கான மருந்து கலந்த ஜிஎல்-5. ஐந்தாறு லேப் வரை ஒன்றுமில்லை. சூடு ஏறியதும் நண்பன் பிட்டுக்குள் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, “மூணாவது போகும்போது ஒரு நெருடல்டா, கை சொல்லுது” என்றான். நேர்ப்பாதை முடிவில் பிரேக் போட்டுக்கொண்டே கீழே இறக்கும்போது கியர் விழாமல் போனால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆயிலை வடித்தோம். காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டில் சாம்பல் நிறக் களிம்பு. அது வழக்கமானதுதான், இரும்புத்தூள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் ஆயிலை ஊற்றி வெயில் பக்கமாகச் சாய்த்தார். உள்ளே தங்கத்தூள் மாதிரி மினுமினுவென்று மிதந்தது. காந்தத்தில் ஒட்டாத தூள். பித்தளை.

“பல்லு நல்லாருக்கு தம்பி. ரிங்குதான் கரையுது” என்றார். பிறகு, “நூத்திநாப்பது ஊத்திப் பாப்பமா?” என்றார்.

லாரி கிரவுனுக்கு அவர் வாழ்நாள் முழுக்க ஊற்றியது 140. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நேர்ப்பற்களுக்குச் சுமை அதிகம். படலம் தடித்திருந்தால் பல்லுக்கு நல்லது, கந்தகத்தை நம்பியிருக்க வேண்டியதும் குறையும். மறுநாள் பயிற்சியில் 140 மினரல் ஆயிலோடு ஓடினான். சூடானபின் பரவாயில்லை. ஆனால் காலையில் முதல் இரண்டு லேப் கியர் தேன் பாட்டிலுக்குள் கரண்டி விட்ட மாதிரி இருந்தது, இரண்டாவது விழவே மறுத்தது. எதிர்முனையும் யோசனையில் வந்தது: சில அமெரிக்கக் கார்களின் மேனுவல் பெட்டியில் ஆட்டோமேடிக் கியரின் ஆயிலையே ஊற்றுகிறார்கள். சிங்க்ரோ அதில் அருமையாக வேலை செய்யும். ஆனால் 100 டிகிரியில் அது 7 சென்டிஸ்டோக்ஸ் அளவுக்குத்தான் இருக்கும். எங்கள் பற்களுக்கு அது துணிச்சல் அல்ல, தற்கொலை.

ஆயிலைப் பற்றி நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அங்கேதான் மாறியது. ‘எது சிறந்தது’ என்று கேட்டவரை பதில் வரவில்லை. எது போனால் தாங்குவோம், எது போனால் தாங்க மாட்டோம் என்று காகிதத்தில் எழுதினோம். பல் உடைந்தால் பெட்டியே போச்சு. சிங்க்ரோ தேய்ந்தால் ஓட்டுகிறவனின் கை பெட்டியை நம்பாது. அப்புறம் அவன் வேகமாகப் போக மாட்டான், போகவும் கூடாது. டிஃபரன்ஷியல் அதிர்ந்தால்? பேடக்கில் திரும்பும்போது சத்தம் போடும். தகடு கொஞ்சம் சீக்கிரம் தேயும். அது தாங்கக்கூடியது. ஆயில் சீக்கிரம் கெட்டால்? காசு. அதுவும் தாங்கக்கூடியது.

ஆகவே ஜிஎல்-4, 75டபிள்யூ-90, உராய்வு மருந்து கலக்காமல். தாங்கு எண்ணெய் முழுக்க செயற்கை வகையாகப் பார்த்து வாங்கினோம். பாலிமர் கலந்து அடர்த்தியை ஏற்றிய ஆயிலில் கியர் பற்கள் அந்த நீள மூலக்கூறுகளைக் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கிவிடும். 90 என்று ஊற்றியது சில மணி நேரத்தில் இளகிவிடும். தாங்கு எண்ணெயே அந்த அடர்த்தியில் இருந்தால் நறுக்குவதற்கு ஒன்றுமில்லை. அண்ணன் தகடுகளின் ஆரம்ப இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தார், அதிர்வு அடங்கட்டும் என்று. அது எந்த டேட்டாஷீட்டிலும் கிடைத்திருக்காது.

கியர்களின் விகிதங்கள் நெருக்கமாக இருந்தது இங்கே கைகொடுத்தது. 7000 சுற்றில் மேல் கியருக்கு மாற்றும்போது பழைய கியரில் எஞ்சின் 4700-க்கு இறங்க வேண்டும் என்றால், நெருக்கமான கியரில் 5500-க்கு இறங்கினால் போதும். ரிங் உரசிக் கரைக்க வேண்டிய ஆற்றல் வேக வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2300-க்குப் பதில் 1500 என்றால் வேலை பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. பல்லைத் துன்புறுத்திய அதே மாற்றம் ரிங்குக்கு உதவியது.

பெட்டியின் மேல் சூடு காட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். அந்தந்தச் சூட்டைத் தொட்டால் கட்டம் கறுத்துவிடும், திரும்பி வெளுக்காது. பந்தயம் முடிந்தபோது 116 கறுத்திருந்தது. 121 வெள்ளையாகவே இருந்தது. பேடக்கில் வண்டி டக் டக்கென்று நொண்டிக்கொண்டு வந்தது, பக்கத்து டீமில் ஒருவர் எட்டிப் பார்த்தார். நண்பன் இறங்கி, கியரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் அறிக்கை.

ஒவ்வொரு பந்தய வாரம் முடிந்ததும் ஆயிலை வடித்து, வெள்ளைத் தட்டில் சாய்த்துப் பார்க்கிறோம். தங்கத்தூள் முழுக்க நின்றுவிடவில்லை. ரிங் என்றால் தேயத்தான் செய்யும். குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ரிங்குக்கும் கியருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அண்ணன் ஃபீலர் கேஜால் அளந்து சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். அந்த இடைவெளி அடைபட்டுக்கொண்டே வரும்போது ரிங்கின் ஆயுள் முடிகிறது என்று அர்த்தம்.

என்றாவது காசு சேர்ந்தால் சிங்க்ரோவைக் கழற்றிவிட்டு டாக் ரிங் போடுவதாகத் திட்டம். கனத்த முட்டுகள் ஒன்றுக்கொன்று அப்படியே கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், உராய்வே தேவையில்லை. பித்தளையும் இல்லை. அன்று ஜிஎல்-5-ஐத் தாராளமாக ஊற்றலாம், தகடுக்கான மருந்தையும் கலக்கலாம், அண்ணன் ஆசைப்பட்ட மாதிரி அடர்த்தியையும் ஏற்றலாம். நான் இங்கே எழுதியதில் பாதி அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. மறுபடி ஒரு காகிதம் எடுத்து, எது போனால் தாங்குவோம் என்று முதலிலிருந்து எழுத வேண்டும்.