பார்சிலோனாவின் வாசலில் ஒரு தொழிலாளர் பட்டணம்

பார்சிலோனா என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மிடையே குறைவு. காற்பந்துப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தப் பெயர் தினமும் அடிபடும். ஆனால் அந்த மாநகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், மத்தியதரைக் கடலோரமாகக் கிடக்கும் பாடலோனாவைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 220,000 பேருக்கு மேல் வாழும் ஊர் அது. சுற்றுலாப் பயணிகள் அழகு பார்க்கப் போவது பார்சிலோனாவுக்கு. அந்த மாநகரத்தின் ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் உழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் குடியிருந்தது பாடலோனாவில். ஆகவேதான் நம் வாசகர்களுக்கு இந்த ஊரைக் காட்ட விரும்புகிறேன்.

பார்சிலோனாவின் நடுமையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பாடலோனாவில் இறங்கிவிடலாம். நாம் ஏறிச் செல்லும் அந்தத் தண்டவாளமே சரித்திரப் புகழ் வாய்ந்தது. ஸ்பெயினும் போர்த்துகலும் சேர்ந்த அந்தத் தீபகற்பத்தில் முதன்முதலாக ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான். 1848ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி பார்சிலோனாவிலிருந்து மத்தாரோ என்னும் ஊர் வரை அது ஓடிற்று. இதற்காகப் பாடுபட்ட மிக்கேல் பியாடா என்பவர், அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்புதான் கண்ணை மூடினார். முதல் வண்டியைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ரயில் வந்தது நல்லதுதான். ஆனால் பாதையை மணலை ஒட்டியே போட்டுவிட்டார்கள். அதனால் ஊர் ஒரு பக்கம், கடல் மறுபக்கம் என்றாகிவிட்டது. கடலுக்குப் போக வேண்டுமானால் இன்றும் தண்டவாளத்தின் அடியில் உள்ள வழிகளில் நுழைந்துதான் போக வேண்டும். ரயிலைத் தொடர்ந்து தொழிற்சாலைகள் வந்தன. சரக்கு ஏற்ற ரயில், கழிவைக் கொட்டக் கடல்! முதலாளிமார்களுக்கு வேறென்ன வேண்டும்? இரசாயன ஆலை, கண்ணாடி ஆலை, நெசவாலை என்று கரையோரமெல்லாம் புகைபோக்கிகள் எழும்பின.

அவற்றில் இன்றும் பெயர் சொல்லும் ஆலை ஒன்று உண்டு. 1870இல் தொடங்கப்பட்ட அது, சோம்பு மணம் வீசும் ஒரு மதுவைக் காய்ச்சுகிறது. 'அனிஸ் தெல் மோனோ' என்று பெயர். குரங்கு மார்க் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒட்டுத்தாளில் உள்ள குரங்குக்கு, மனிதன் குரங்கினத்தோடு உறவு என்று சொன்ன டார்வினின் முகச் சாயல் இருக்கும்! சம்சுவால் நம் தோட்டங்கள் பட்ட பாட்டை அறிந்தவன் நான்; எந்த மதுவையும் புகழ மாட்டேன். ஆனால் அந்தப் புட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் மேற்பரப்பு முழுவதும் வைரக் கட்டம் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். கிறிஸ்துமஸ் வந்தால் ஸ்பெயின் நாட்டு வீடுகளில் காலிப் புட்டியைக் கையில் எடுத்து, கரண்டிக் காம்பால் அதன்மேல் தேய்த்துத் தாளம் போட்டுப் பாடுவார்கள். காசில்லாத வீட்டு வாத்தியம்!

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோரிப் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், நீர் வற்றும் நேரத்தில் கடலைத் தேடிக்கொண்டு சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டும். மத்தியதரைக் கடலில் அந்தத் தொல்லை இல்லை. பெருங்கடலோடு அது சேரும் ஜிப்ரால்ட்டர் வாய் மிகக் குறுகியது. ஆகவே ஏற்றமும் வற்றும் அங்கே மிகச் சொற்பம். காலையில் பார்த்த இடத்திலேயே மாலையிலும் கடல் நிற்கும்.

அப்படிப்பட்ட கடலில் இறங்கிக் குளிக்க அந்த ஊர் மக்களுக்குப் பல ஆண்டுகள் வழியில்லாமல் போயிற்று. பக்கத்தில் கலக்கும் பெசோஸ் என்ற ஆறு, ஆலைக் கழிவாலும் சாக்கடையாலும் ஐரோப்பாவிலேயே மிக மோசமாகக் கெட்ட ஆறுகளில் ஒன்று எனப் பெயர் வாங்கியது. 1990களின் பிற்பகுதியில்தான் அதைத் துப்புரவு செய்யும் வேலை மும்முரமாயிற்று. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற அனல் மின்நிலையம் 2011இல் மூடப்பட்டது. அதன் மூன்று புகைபோக்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர் உயரம், கரையில் வானை முட்டி நின்றன. இடிப்பதா, விடுவதா என்று 2008இல் சுற்றுவட்டார மக்களிடமே கேட்டபோது, இருக்கட்டும் என்றே பெரும்பாலோர் வாக்களித்தார்கள். கரியும் புகையும் கக்கிய தூண்கள்மேல் இவ்வளவு பாசமா என்று நமக்குத் தோன்றும். அப்பன் வேலை செய்த இடமென்றால் பாசம் வரத்தானே செய்யும்!

எண்ணெய்ப் பாலம் கதையும் அப்படித்தான். 1960களில் கப்பலிலிருந்து எண்ணெய் இறக்குவதற்காகக் கடலுக்குள் சுமார் 250 மீட்டர் தூரம் ஒரு பாலம் கட்டினார்கள். 1990இல் அதன் வேலை முடிந்தது. இடிக்க வேண்டியதை இடிக்காமல் காப்பாற்றி, 2009இல் பொதுமக்கள் நடந்து போகத் திறந்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் அடித்த பெரும்புயல் அதன் ஒரு பகுதியை உடைத்தெறிந்தது. 'நம் பாலம் போச்சே' என்று ஊரே துக்கம் கொண்டாடியது.

இனி மனிதர்களைப் பற்றி. 1950களிலும் 60களிலும் ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவிலிருந்தும் எக்ஸ்திரமதூராவிலிருந்தும் ஏழைகள் கூட்டங்கூட்டமாக இந்தப் பக்கம் வந்தார்கள். அங்கே நிலமெல்லாம் பெரும் பண்ணைக்காரர்கள் கையில். இவர்களுக்கோ ஒலிவம் பறிக்கும் காலத்தில் நாள்கூலி, மற்ற நாளில் பட்டினி. பெட்டியும் படுக்கையுமாக வந்தவர்கள் குடிசை போட்டார்கள். லெஃபியா, லா சலுத் போன்ற குடியிருப்புகள் மேட்டில் முளைத்தன. சடக்கு இல்லை, பள்ளி இல்லை. ஒவ்வொன்றையும் சங்கம் கூட்டிப் போராடித்தான் வாங்கினார்கள். கடலோரக் குடிசைகளை அகற்றியபோது, அங்கிருந்தவர்களுக்காக 1960களில் சான் ரோக் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்டது. அவசரத்தில் கட்டிய வீடுகள் அல்லவா! பயன்படுத்திய சிமெண்டு நாளடைவில் வலுவிழக்கும் இனம் என்று பிற்பாடு தெரியவந்தது. பல கட்டடங்களை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

வந்தவர்கள் பேசியது ஸ்பானிய மொழி. மண்ணின் மொழியோ கத்தலான். சர்வாதிகாரி பிராங்கோ 1975இல் இறக்கும் வரை கத்தலான் மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. பாடலோனாவுக்கு அடுத்த ஊரான சாந்தா கொலோமாவில், கூலி வேலை செய்த ஸ்பானியப் பெற்றோர்கள், தங்கள் பிள்ளைகளுக்குக் கத்தலான் மொழியிலேயே பாடம் நடத்துங்கள் என்று கேட்டார்கள். 1983இல் அங்கே அப்படியே தொடங்கியது. ஆலை ஆபீசிலும் அரசாங்க வேலையிலும் கத்தலான் தெரிந்தவன்தான் மேலே போவான், எங்கள் பிள்ளை மட்டும் ஏன் கீழே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். தமிழ்ப்பள்ளிக்காகப் பாடுபடும் நமக்கு இது நேர் எதிராகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் மொழி நாடு முழுவதும் ஆளும் மொழி. வீட்டிலும் வீதியிலும் அது அழியப்போவதில்லை. நம் நிலைமை வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியல்ல என்பதே என் எண்ணம்.

அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். பழைய தகர டப்பா ஆலை ஒன்று 1980களில் உயர்நிலைப் பள்ளியாக மாறியது. பெயரே 'லா யௌனா', அதாவது தகரம். கூடைப்பந்தில் ஊர்க் குழுவான ஹுவெந்துத் 1994இல் ஐரோப்பியக் கிண்ணத்தையே தூக்கி வந்தது. 1992 ஒலிம்பிக்கின் கூடைப்பந்து ஆட்டங்களும் பாடலோனாவில்தான் நடந்தன.

இன்று அதே மாடிவீடுகளில் பாகிஸ்தானியர், மொரோக்கோகாரர், ஆப்பிரிக்கர் எனப் புதிதாக வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் எளிதில் இடம் கிடைத்துவிடவில்லை. 2020 டிசம்பரில், கைவிடப்பட்ட ஆலைக்கூடம் ஒன்றில் ஒண்டியிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தீயில் சிக்கினார்கள். சிலர் உயிரிழந்தார்கள்.

ஊரின் மேட்டுப் பகுதியில், தரைக்கு அடியில், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய ரோமானிய ஊரான பைத்துலோ கிடக்கிறது. அருங்காட்சியகத்தின் வழியே கீழே இறங்கினால் அவர்களுடைய தெருவிலும் குளிப்பு மண்டபத்திலும் நாமே நடக்கலாம். இங்கிருந்து திராட்சை மது ஜாடி ஜாடியாகப் பிரான்சுக்குப் போயிற்று. ஜாடிகளில் முத்திரை குத்தி இருக்கிறார்கள். திராட்சை பறித்தவன் பெயர் எந்த ஜாடியிலும் இல்லை.

போவதாக இருந்தால் மே மாதம் போங்கள். 10ஆம் தேதி இரவு கடற்கரை மணலில் மரத்தாலான பெரிய பூதம் ஒன்றை நிறுத்தி, வாணவேடிக்கையுடன் கொளுத்துவார்கள். 1940 முதல் நடக்கும் வழக்கம் இது. ஆண்டுக்கு ஆண்டு பூதத்தின் உருவம் மாறும். மேட்டுக் குடியிருப்பிலிருந்து பிள்ளை குட்டிகளோடு ஊரே தண்டவாளத்தைக் கடந்து இறங்கி வரும். கூட்டம் அதிகமாக இருக்கும். இருட்டுமுன் போய் மணலில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.