முதல் கேள்வி

அந்தமான், ஹேவ்லாக் தீவு. காலை ஏழரை மணி. ஸ்கூபா மையத்தின் ஓலைக் கூரைக்குக் கீழே, கயிற்றில் தொங்கும் நீச்சல் உடைகள் இன்னும் சொட்டுகின்றன. பையன்கள் சிலிண்டர்களைத் தோளில் தூக்கிப் படகுக்குக் கொண்டுபோகிறார்கள்.

நான் ஓரத்துப் பெஞ்சில். எதிரே முப்பது வயதிருக்கும் ஒரு பெண். மடியில் உடல்நலப் படிவம். முதல் கேள்வியே நுரையீரலையும் இதயத்தையும் பற்றியது. பேனா அங்கேயே நிற்கிறது. டி-ஷர்ட் கழுத்துக்கு மேலே ஒரு தழும்பின் நுனி வெளுத்துத் தெரிகிறது.

"இல்லைன்னு போடு. நாலு வயசுல அடைச்ச ஓட்டைதானே!" என்கிறார் பக்கத்தில் நிற்பவர்.

"வேணாம்ணா."

'ஆம்' கட்டத்தில் டிக் விழுகிறது.

பயிற்சியாளர் படிக்கிறார். "டாக்டர் கையெழுத்து இருக்கா, மேடம்?" இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு இதயம் வரைகிறார்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மூச்சில் போகும் நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். மேலே வரும்போது குமிழியாகும். சின்னக் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். ஆனால் இதயச் சுவரில் சிறு துவாரம் மிச்சமிருந்தால், அவை குறுக்கே புகுந்து மூளைவரை போகலாம். பேனா முனை அந்தச் சுவரில் ஒரு புள்ளி வைக்கிறது. அவள் கட்டைவிரல் தழும்புக்குப் போகிறது.

"முழுசா மூடியிருக்கான்னு எக்கோவுல தெரியும். நுண்குமிழி கலந்த உப்புத்தண்ணிய கை நரம்புல ஏத்திப் பார்ப்பாங்க. இதயத் துடிப்பும் சரியா இருக்கணும். அடியில மயக்கம் வந்தா வாயில இருக்கிற காத்துக்குழாய் நழுவிடும். எல்லாம் சரின்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா, நானே கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் வாயைத் திறந்து மூடுகிறார். பெரியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு, பிறந்ததும் மூட வேண்டிய ஒரு சிறு வழி இதயத்தில் முழுசாக மூடாமலே இருக்கிறது. அவருக்கும் இருக்கலாம். பெரும்பாலானோருக்கு அதனால் தொந்தரவில்லை; அறிந்தவருக்குத்தான் கேள்வி வருகிறது.

வந்த காசை வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிற அந்தப் பயிற்சியாளர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

படகு கிளம்புகிறது. அண்ணனும் ஏறவில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் இருவரும் நிற்கிறார்கள்.

நெஞ்சில் அப்படியொரு தழும்பு உங்களுக்கும் இருந்தால், அந்தமானுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள் இதய மருத்துவரைப் பாருங்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.