மூடினால்தான் கவசம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், ஸ்ரீபெரும்புதூர் வருவதற்கு முன்பே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம் இது. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்துகொண்டிருந்த சென்னைப் பந்தயங்களுக்கு 1990இல் இங்கே ஒரு நிரந்தர இடம் கிடைத்தது. நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12.

நான் போன அன்று பந்தயம் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுவந்து தடத்தில் ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே'. விடிந்து சற்று நேரத்துக்குள்ளேயே ஹேட்ச்பேக்குகளும் செடான்களும் பிட் கட்டடத்தின் முன் வரிசைகட்டி நின்றன. பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பவர்களைச் சுற்றித்தான் கூட்டம். எனக்கு வேறொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டுகிறவர்கள் உடம்பில் என்ன போட்டுக்கொள்கிறார்கள்? முகத்துக்கு முன்னால் இருக்கும் வைசரை என்ன செய்கிறார்கள்?

தடத்தில் இறங்கும் முன் பரிசோதனை மேசையைத் தாண்ட வேண்டும். அங்கே இருந்த மூத்த பரிசோதகர் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் வாங்கி, கவிழ்த்து, உள்துணியை விலக்கி ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தார். என் கண்ணெதிரே ஒரு இளைஞரை நிறுத்தினார்.

"தம்பி, இது பைக் ஹெல்மெட்டுப்பா."

"புதுசு சார். ஐஎஸ்ஐ முத்திரைகூட இருக்கு."

"ரோட்டுக்கு நல்ல ஹெல்மெட்தான். ஆனா நெருப்புக்குன்னு இதைச் சோதிச்சிருக்க மாட்டாங்க. உள்ளே அங்கே இரவல் ஹெல்மெட் இருக்கு, வாங்கிப் போட்டுக்கோ."

இளைஞர் போன பிறகு அவர் எனக்கு விளக்கினார். இரு சக்கர வாகனத்துக்கான நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 4151. பந்தய உலகம் அதிகம் பார்ப்பது ஸ்னெல் முத்திரையை. 1956இல் பீட் ஸ்னெல் என்ற அமெரிக்க ஓட்டுநர் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் அணிந்திருந்த ஹெல்மெட் அவரைக் காக்கவில்லை. அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி ஹெல்மெட்டுகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய 'எம்' வகை மோட்டார் சைக்கிளுக்கு, 'எஸ்ஏ' வகை கார் பந்தயத்துக்கு. எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீயிலும் சோதிக்கிறார்கள். காருக்குள் இருக்கும் இரும்புக் கூண்டில் தலை திரும்பத் திரும்ப மோதினால் தாங்குமா என்றும் பார்க்கிறார்கள். பைக் ஹெல்மெட்டுக்கு இந்த இரண்டும் கிடையாது. பைக்கில் போகிறவர் கீழே விழுவார்; கார் ஓட்டுகிறவரோ இரும்புக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்வார்.

பிறகு அணிந்து பார்க்கும் சோதனை. கழுத்துப் பட்டையை இறுக்கிவிட்டு, பின்பக்கம் கைகொடுத்து ஹெல்மெட்டை முன்னோக்கி உருட்டிக் கழற்றப் பார்த்தார். கழன்றுவந்தால் அளவு சரியில்லை. ஏற்கெனவே பலமாக அடிபட்ட ஹெல்மெட் என்றால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் ஏற்க மாட்டார். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்கித்தான் அடியை வாங்குகிறது; ஒருமுறை நசுங்கினால் மறுபடி உப்பாது.

கடைசியாக வைசருக்கு வந்தார். நான் காத்திருந்ததும் அதற்குத்தான். மூடினால் 'டக்' என்று பூட்டுகிறதா, குலுக்கினால் தானாகத் திறக்கிறதா, வெயிலுக்கு எதிரே பிடித்தால் கீறல்கள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வைசர் கண்ணாடியில் செய்தது கிடையாது, பாலிகார்பனேட். அடித்தால் நொறுங்காமல் வளைந்து தாங்கும். ஆனால் பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகியவை பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விட்டு உறுதி இழந்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும் என்றார். கறுப்பு வைசர் உச்சி வெயிலுக்கு இதம். மாலை மங்கினால் கழற்றிவிட வேண்டும்.

ஒரு வைசர் எதைத் தடுக்க வேண்டும் என்பதைப் பந்தய வரலாறு கடுமையாகவே சொல்லியிருக்கிறது. 1972இல் பிரான்சின் கிளேர்மோன்-ஃபெராண் தடத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் முன்னால் போன காரின் சக்கரம் எறிந்த கல் ஹெல்முட் மார்கோவின் வைசரைத் துளைத்தது. இடது கண் போனது. அவருடைய ஓட்டுநர் வாழ்க்கையும் அன்றோடு முடிந்தது. 2009 ஜூலையில் ஹங்கேரி தகுதிச் சுற்றில், ரூபன்ஸ் பாரிக்கெல்லோவின் காரிலிருந்து கழன்ற சுமார் 800 கிராம் எடையுள்ள ஸ்பிரிங் ஒன்று, பின்னால் வந்த ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் இடது கண்ணுக்கு மேலே மோதியது. மண்டை ஓட்டில் முறிவு ஏற்பட்டாலும் பிழைத்தார். அடுத்த ஆண்டு மீண்டும் ஓட்டினார். அதன் பிறகுதான், 2011 முதல், ஃபார்முலா 1 வைசரின் மேல் விளிம்பில் ஸைலான் என்ற மிக உறுதியான இழைப் பட்டை சேர்ந்தது.

'இதெல்லாம் கூரை இல்லாத கார்களில் நடந்தது. எங்களுக்கு முன்னால் விண்ட்ஷீல்ட் இருக்கிறதே!' என்றுதான் அன்று பலரும் என்னிடம் சொன்னார்கள். ஃபார்முலா கார்களில் வைசரை மூடாமல் யாரும் கிளம்புவதில்லை. எல்ஜிபி ஃபார்முலா 4 போன்ற கார்களில் முகத்துக்கும் காற்றுக்கும் இடையே வேறெதுவும் இல்லை. ஆனால் கூரையுள்ள காரில் வைசரைப் பல இடங்களில் ஓட்டுபவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பிட் லேனில் நின்று பார்த்தபோது, வைசரை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பிய கார்கள் கணிசமாகவே இருந்தன.

விண்ட்ஷீல்ட் முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொள்ளும். அன்று எல்லாக் கார்களிலும் பக்கக் கண்ணாடிகளை இறக்கச் சொல்லியிருந்தார்கள். கார் கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ தடத்தின் பாதுகாப்புப் பணியாளரான மார்ஷல் உடனே கையை உள்ளே விட்டு ஓட்டுநரை வெளியே எடுக்க வேண்டும் என்பதற்காக. அந்த வழியாகத்தான் டயர் துணுக்கும் மணலும் பொடிக்கல்லும் உள்ளே வருகின்றன. 160 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 44 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். ஓட்டுநர் கண் தெரியாமல் வளைவுக்குள் போவார். சாலைக் கார் என்றால் ஏர்பேக் வெடிக்கும்போது சூடான வாயுவும் தூளும் முகத்தில் அடிக்கும். குழாய் வெடித்தால் கொதிக்கும் கூலண்ட் உள்ளே தெறிக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தீ.

2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் ஃபார்முலா 1 பந்தயத்தில் ரோமென் க்ரோஷானின் கார் தடுப்பைப் பிளந்து தீப்பிழம்பானது. சுமார் 28 நொடி நெருப்புக்குள் இருந்துவிட்டு அவர் தன் காலால் வெளியே வந்தார். புறங்கைகள் வெந்துபோயிருந்தன. மூடிய வைசருக்குப் பின்னால் இருந்த முகமும் கண்களும் தப்பின.

அந்த 28 நொடிக்காகத்தான் மற்ற உடுப்புகள் எல்லாம். மேசையின் மறுபக்கம், பந்தயம் ஓட்டும் ஒருவர் தன் பையைப் பிரித்துக் காட்டினார். கழுத்துப் பட்டையில் எஃப்ஐஏ 8856-2018 என்ற தீத்தடுப்பு உடைத் தரத்தைக் காட்டும் சீட்டுடன் பல அடுக்கு சூட். அதற்குள் தீயைத் தாங்கும் நோமெக்ஸ் துணியாலான உள்ளாடை, தலைக்குப் பாலக்லாவா, கையுறை, மெல்லிய அடியுள்ள ஷூ. சாதாரண பனியனோ நைலான் சாக்ஸோ கூடாது. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சூட்டின் தோள்களில் இரண்டு பட்டைகள் இருந்தன. அழகுக்கு வைத்தவை என்றே நினைக்கத் தோன்றும். மயங்கிக் கிடப்பவரை மீட்பவர்கள் பிடித்துத் தூக்குவதற்கான பிடி அவை.

ஹெல்மெட்டின் இருபுறமும் சின்னத் திருகுகள் தெரிந்தன. தோளில் அமரும் ஹான்ஸ் கருவியின் வார்களை மாட்டுவதற்கு. அமெரிக்காவில் உயிர்இயந்திரவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனர் ஜிம் டவுனிங்கும் 1980களில் உருவாக்கியது அது. மோதும்போது பெல்ட் உடம்பை நிறுத்திவிடும், தலை மட்டும் முன்னே பாயும். மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறியும். 2001இல் டேட்டோனாவில் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தய ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் அப்படித்தான் இறந்தார். அதே ஆண்டில் நாஸ்காரும் 2003இல் ஃபார்முலா 1ம் தலையைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கட்டாயமாக்கின. ஆனால் சாதாரண மூன்று முனை பெல்ட்டோடு ஹான்ஸ் வேலை செய்யாது. இரு தோளையும் பிடிக்கும் ரேஸ் பெல்ட் வேண்டும். அது உடம்பை நிமிர்த்தியே கட்டிவைப்பதால், கூரை நசுங்கினால் ஒதுங்க இடம் இராது. ஆகவே கூண்டும் வேண்டும். சீட், பெல்ட், கூண்டு, ஹான்ஸ் நான்கும் ஒரே தொகுப்பு. ஒன்றை மட்டும் வாங்கி மாட்டுவதில் ஆபத்து இருக்கிறது.

பயிற்சியாளர் ஒருவரின் பக்கத்து இருக்கையில் என்னையும் ஏற்றினார்கள். பாலக்லாவா, ஹெல்மெட், பட்டை, வைசர். பிட் லேனில் நிற்கும்போதே மூச்சின் ஈரம் வைசரின் கீழ் விளிம்பில் படியத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் உள்ளே வியர்வை வழிந்தது. எல்லோரும் ஏன் திறந்துகொள்கிறார்கள் என்று அந்த நிமிடத்தில் புரிந்தது.

"மூடினா மூச்சு முட்டுதுன்னுதாங்க எல்லாரும் தூக்கிவிடறாங்க. அதுக்கு வழி இருக்கு" என்றார் அவர். தாடைக் காற்றுத் துளையைத் திறந்து வைக்க வேண்டும். மூச்சு மேலே போகாமல் பாலக்லாவாவை மூக்குப் பாலம்வரை இழுத்துவிட வேண்டும். உள்பக்கம் பனி படியாத பூச்சு இருந்தால் தேய்க்கக் கூடாது. ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் வைசர் குளிர்ந்து இன்னும் அதிகம் மூடாப்பு போடும்; திசையைத் திருப்பிவிட வேண்டும். பிட் லேனில் நிற்கும் வரை ஒரு விரற்கடை திறந்திருக்கலாம். தடத்துக்குள் நுழையும் கோட்டுக்கு முன் பூட்டிவிட வேண்டும்.

பூட்டினோம். வேகம் கூடக்கூட ஈரம் விலகி வைசர் தெளிந்தது. நேர்பாதையின் முடிவில், இங்கே எல்லோரும் சி1 என்று அழைக்கும் முதல் வளைவை நெருங்கும்போது, முன்னால் போன கார் தடத்தின் ஓரத்தில் ஒரு சக்கரத்தை இறக்கியது. செம்மண் புழுதி ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்தது. என் வைசரில் பொடி சிதறும் சத்தம் கேட்டது. பயிற்சியாளர் கண்ணிமைக்காமல் பிரேக்கை அழுத்தி வளைவுக்குள் திரும்பினார். வைசர் நெற்றியில் இருந்திருந்தால் அந்தப் பிரேக் எங்கே விழுந்திருக்கும்?

சூட்டும் கையுறையும் ஹான்ஸும் போட்டுக்கொண்டாலே வேலை செய்கின்றன. வைசர் மட்டும்தான் ஒவ்வொரு முறையும் மூட வேண்டிய கவசம். அதனால்தான் அதை ஓட்டுபவரின் விருப்பத்துக்கு விடுவது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். காலையில் பரிசோதனை மேசையில் காட்டும் கண்டிப்பு, பிட் லேனின் வாசலிலும் வேண்டும். அங்கே பச்சைக் கொடியோடு நிற்கும் மார்ஷல், பெல்ட்டைப் பார்க்கும்போதே வைசரையும் பார்க்கட்டும். திறந்திருந்தால் காரை விடாமல் நிறுத்தட்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. டிராக் டே நடத்துகிறவர்கள் நாளைக் காலையே தொடங்கலாம். போகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.