பாய்ன் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி

சனி

பாய்ன் பள்ளத்தாக்கு டப்ளினுக்கு வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம்கூட இல்லை. அதனாலேயே பலரும் காலையில் பஸ் ஏறி நியூகிரேஞ்ச், தாரா குன்று, டிரிம் கோட்டை என்று ஓடி ஓடிப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நகரம் திரும்பிவிடுகிறார்கள். டப்ளினில் நர்ஸாக இருக்கும் அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. ஸ்லேன் கிராமத்துக்கு வெளியே, பண்ணை முற்றத்தை ஒட்டிய கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டாள். பழைய குதிரை லாயத்தை வீடாக மாற்றியிருக்கிறார்கள். செல்ஃப் கேட்டரிங் காட்டேஜ் என்று பெயர். சாவி நம் கையில், சமையல் நம் பொறுப்பு.

வீட்டுக்காரம்மா முதலில் காட்டியது வெந்நீர் சுவிட்சை. அதில் ‘சிங்க்’, ‘பாத்’ என்று இரண்டு நிலை. பாத்திரம் கழுவத் தொட்டியின் மேல்பாதி சூடானால் போதும். குளிக்க முழுத் தொட்டியும் சூடாக வேண்டும். அடுத்தது கணப்பு. சதுப்பு நிலத்துப் பீட் எனும் மக்கிய மண்ணை இறுக்கிச் செய்த கட்டிகளை நெட்டுக்குத்தாகச் சாய்த்து, இடையில் காற்றுக்கு வழி விட்டு அடுக்கச் சொன்னார். பற்ற நேரம் பிடித்தது. பற்றியபின் நிதானமாக எரிந்தது.

ஞாயிறு

காலையில் ஆற்றங்கரைவரை நடை. பாய்ன் கில்டேர் மாவட்டத்தில் ஊற்றெடுத்து, சுமார் 112 கிலோமீட்டர் ஓடி, டிரோகெடாவைத் தாண்டி ஐரிஷ் கடலில் கலக்கிறது. நீளத்தில் பெரிய ஆறு இல்லை. ஆனால் இரு கரையும் கொழுத்த மண். மாடு மேய்க்கவும் தானியம் விதைக்கவும் தோதான இடம் தேடி வந்தவர்கள் இங்கே தங்கிவிட்டதில் ஆச்சரியமில்லை.

மாலையில் வீட்டுக்காரம்மா சோடா ரொட்டி செய்யக் கற்றுக்கொடுத்தார். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். அவ்வளவுதான். அக்கா சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்தப் போனாள். “பிசையக் கூடாது, மாவு சேர்ந்தால் போதும்” என்று கையைப் பிடித்து நிறுத்தினார். மோரின் புளிப்பு சோடாவைத் தொட்டதுமே பொங்கத் தொடங்கிவிடும். பிசைந்தால் ரொட்டி இறுகிப்போகும். ஐரிஷ் கோதுமையில் பசைத்தன்மை குறைவு என்பதால் ஈஸ்டைவிடச் சோடாவே அதற்கு ஒத்துப்போனது. மேலே குறுக்கும் நெடுக்குமாக ஆழமாக ஒரு கீறல், நடுப்பகுதியும் வேக வேண்டுமே. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம்.

திங்கள்

நியூகிரேஞ்ச். பார்வையாளர் மையத்திலிருந்து நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து, அவர்களுடைய பஸ்ஸில்தான் போக முடியும். கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு; எகிப்தின் பெரிய பிரமிடைவிடப் பழையது. கட்டியவர்கள் உழவர்கள். அவர்களிடம் உலோகக் கருவி கிடையாது.

19 மீட்டர் நடைவழியில் தோளை ஒடுக்கிப் போனால் உள்ளறை. தலைக்கு மேல் ஆறு மீட்டர் உயரத்துக்குக் கற்கள் வரிசை வரிசையாக உள்நோக்கி நீண்டு கூடுகின்றன. சாந்து கிடையாது. மழைநீர் வழிந்தோடக் கூரைக் கற்களின் மேற்புறத்தில் வாய்க்கால்போல் செதுக்கி, இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல் மணலும் அடைத்திருக்கிறார்கள். 5,000 வருஷமாக அறை ஒழுகவில்லை.

டிசம்பரில் சூரியன் தென்கோடிக்குப் போகும் நாட்களில், வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே காலை ஒளி இந்த அறைவரை வந்து 17 நிமிடம் நிற்கும். 1967 டிசம்பர் 21 அன்று பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி உள்ளே காத்திருந்து அதைக் கண்டார். உதயச் சூரியன் உள்ளே வரும் என்ற பேச்சு அந்தப் பக்கத்து மக்களிடையே முன்பே இருந்தது. அதைக் கேட்டிருந்ததால்தான் அவர் சோதித்துப் பார்த்தார். இப்போது அந்தக் காலைகளில் உள்ளே போகக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். மற்ற நாட்களில் விளக்கணைத்து, ஒற்றைக் கதிரால் அதை நடித்துக் காட்டுகிறார்கள். அதற்கே எனக்கு மெய்சிலிர்த்தது.

புதன்

ஓல்ட்பிரிட்ஜ். 1690-இல் புராட்டஸ்டன்ட் அரசர் மூன்றாம் வில்லியமும் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸும் ஒரே கிரீடத்துக்காக மோதிய இடம். வில்லியம் பக்கம் சுமார் 36,000 பேர்; ஜேம்ஸ் பக்கம் சுமார் 25,000. நீர்மட்டம் தாழ்ந்த நேரம் பார்த்து வில்லியமின் படை ஆற்றில் இறங்கியது. வட அயர்லாந்தில் இன்றும் ஜூலை 12-இல் வில்லியமின் வெற்றிக்கு ஊர்வலம் போகிறார்கள். இப்போது அங்கே புல்வெளியும் பெரிய மாளிகையும் நடைபாதையும். ஒரு நாள் சண்டை 300 வருஷத்துக்கும் மேலாக மனிதர்களைப் பிரித்து வைத்திருப்பது மனத்தை அழுத்துகிறது.

வியாழன்

ஸ்லேனில் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜின் வீடு. 1887-இல் பிறந்தவர், ஒன்பது பிள்ளைகள் உள்ள குடும்பம். வயலிலும் சாலையிலும் சுரங்கத்திலும் உழைத்துக்கொண்டே கவிதை எழுதினார். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில், படைக்குச் சாலை போடும் வேலையில் இருந்தபோது குண்டு விழுந்து இறந்தார். அவர் வளர்ந்த சிறிய கூலித் தொழிலாளர் வீடு இப்போது அருங்காட்சியகம். சுற்றுலாக்காரர்கள் அழகு என்று காசு கொடுத்துத் தங்கும் காட்டேஜுக்கு இப்படியொரு பூர்வகதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் அதில் தங்க வேண்டும்.

வெள்ளி

அரசர்கள் இந்த ஆற்றைக் கடந்துபோனார்கள். உழுதவர்களும் கல் அடுக்கியவர்களும் ரொட்டி சுட்டவர்களும்தான் இங்கேயே இருந்தார்கள். இந்தப் பள்ளத்தாக்கு அவர்களுடையது. பஸ் ஜன்னலில் அது தெரியாது. பாய்ன் போகிறவர்கள் ஒரு வாரமாவது சமையலறை உள்ள வீட்டை எடுங்கள். நியூகிரேஞ்ச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களை நடைக்கும் அடுப்புக்கும் அக்கம்பக்கத்தாரோடு பேச்சுக்கும் விடுங்கள்.