ஜன்னலில் ஒரு ஷூ... பதிமூன்று இரவுகள்!

டிசம்பர் மூன்றாவது வாரத்தில், ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் காலை 11 மணிக்கு மேல்தான் தலைகாட்டும். மதியம் 3.30 மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். பகல் என்று சொல்லிக்கொள்ள நான்கு மணி நேரம்தான். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது தெருவில் கும்மிருட்டு!

இந்த ஊர் வாண்டுகளோ, 'எப்போது ராத்திரி வரும்?' என்று காத்திருக்கிறார்கள். காரணம், ஜன்னல் ஓரத்தில் இருக்கும் ஒற்றை ஷூ.

டிசம்பர் 11 இரவு, படுக்கப் போகும் முன் ஒவ்வொரு குழந்தையும் தன் ஷூக்களில் ஒன்றை ஜன்னல் விளிம்பில் வைக்கும். அன்று தொடங்கி 13 இரவுகள், மலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக 13 குறும்புக்காரச் சகோதரர்கள் இறங்கி வருவார்கள். 'யோலாஸ்வெய்னர்' என்பது இவர்களின் பெயர். சமர்த்தாக இருந்த குழந்தையின் ஷூவில் ஓர் ஆரஞ்சுப் பழமோ, சாக்லேட்டோ, சின்னப் பொம்மையோ இருக்கும். அடம்பிடித்த குழந்தைக்கு? ஓர் உருளைக்கிழங்கு! ரொம்பவே படுத்தியிருந்தால் அது அழுகிய உருளைக்கிழங்கு.

திருடர்களே தீர்ப்பு சொன்னால்...

வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளின் நடத்தைக்கு மார்க் போடும் இந்த 13 பேரில் பெரும்பாலானவர்கள் சரியான திருடர்கள். அவர்கள் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

முதலில் வருபவர் 'ஸ்டெக்யஸ்டோய்ர்'. கட்டை மாதிரி விறைத்த கால்களுடன் ஆட்டுக்கொட்டிலில் நுழைபவர். அடுத்தவர் மாட்டுக்கொட்டிலில் பதுங்கிப் பாலைத் திருடுபவர். மூன்றாமவர் குள்ளமான 'கட்டையன்'. பிறகு கரண்டி நக்கி, சட்டி சுரண்டி, கிண்ணம் நக்கி என மூன்று பேர். ஏழாவதாக வருகிறவர் எதையும் திருட மாட்டார். எல்லோரும் அசந்து தூங்கும் நேரத்தில் கதவை 'டமால்' என்று சாத்துவதுதான் அவர் வேலை! அவருக்குப் பின்னால் 'ஸ்கிர்' என்ற கெட்டித்தயிர் போன்ற உணவை விழுங்குபவர், சாசேஜ் திருடுபவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர், பெரிய மூக்கால் வாசலில் மோப்பம் பிடிப்பவர், கொக்கி போட்டு இறைச்சியை இழுப்பவர். டிசம்பர் 24 காலை கடைசியாக வருபவர், மெழுகுவத்திக்கு ஆசைப்படுபவர்.

இந்தத் திருட்டுப் பட்டியலை உற்றுப் பார்த்தால் பழைய ஐஸ்லாந்தின் ஏழ்மை தெரியும். சட்டியில் ஒட்டிய காந்தல், கரண்டியில் மிஞ்சியது, ஒரு வாய் தயிர். கடுங்குளிரில், புல் வேய்ந்த பண்ணை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இவைதான் சொத்து. அன்றைய மெழுகுவத்தி, விலங்குக் கொழுப்பில் செய்தது. இருட்டில் வெளிச்சம் தரும், பசித்தால் தின்னவும் முடியும். அதனால்தான் அதற்கும் ஒரு திருடன்!

பூச்சாண்டி காட்டத் தடை!

இன்று செல்லமாகக் கொண்டாடப்படும் இவர்கள், ஒருகாலத்தில் பிள்ளைகளை நடுங்கவைத்தவர்கள். இவர்களின் அம்மா 'க்ரீலா' ஓர் அரக்கி. சொல்பேச்சு கேட்காத குழந்தைகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சமைத்துவிடுவாள் என்பது கதை. அவள் வீட்டில் ஒரு ராட்சதப் பூனையும் உண்டு. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களை அது தின்றுவிடுமாம். குளிர்காலத்துக்குள் கம்பளி நூற்று, நெய்து முடிக்கவேண்டிய பண்ணை வீடுகளில், வேலையை வேகப்படுத்த இந்தப் பூனை உதவியிருக்கிறது.

இந்தப் பயமுறுத்தல் அளவுமீறிப் போனது. அப்போது ஐஸ்லாந்து டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. இப்படிப்பட்ட பேய், அரக்கர் கதைகளைச் சொல்லிப் பெற்றோர் பிள்ளைகளை மிரட்டக் கூடாது என்று 1746-ல் அரசாணையே வந்தது!

1932-ல் யோஹான்னெஸ் ஊர் கோட்லம் என்ற கவிஞர், படங்களோடு ஒரு சிறுவர் நூலை வெளியிட்டார். ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரில், வேறு வேறு எண்ணிக்கையில் இருந்த சகோதரர்களை, இந்த 13 பேர், இந்த வரிசை என்று நாடு முழுவதும் பிரபலமாக்கியது அந்த நூல்தான். நாளடைவில் அரக்கியின் பிள்ளைகள் முரட்டுத்தனத்தைக் குறைத்துக்கொண்டு ஷூவில் பரிசு வைக்க ஆரம்பித்தார்கள்.

நாளைக்கும் ஒரு வாய்ப்பு

ஒரு வருடக் கணக்கை ஒரே ராத்திரியில் முடிப்பவர் கிறிஸ்துமஸ் தாத்தா. ஐஸ்லாந்தில் கணக்கு தினமும் புதிதாகத் தொடங்குகிறது. இன்றைக்குத் தம்பியைக் கிள்ளியதற்கு நாளைக் காலையில் உருளைக்கிழங்கு வரலாம். ஆனால், நாளை இரவு ஷூவை மறுபடியும் வைக்கலாம். வருபவர் வேறொருவர், நாளும் புதிது. தப்பு செய்த குழந்தைக்கு 'நீ கெட்ட பிள்ளை' என்று முத்திரை குத்தாமல், திருத்திக்கொள்ள 13 வாய்ப்புகள் கிடைக்கின்றன. 1746-ல் அரசாணை போட்டுத் தடுக்க நினைத்த மிரட்டலுக்கு, குடும்பங்கள் கண்டுபிடித்த அழகான மாற்று இது.

இதில் பெற்றோர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு குழந்தையின் ஷூவில் விலையுயர்ந்த பொம்மை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஷூவில் ஒரே ஓர் ஆரஞ்சு என்றால், மறுநாள் வகுப்பறையில் அந்த இரண்டாவது குழந்தை என்ன நினைக்கும்? 'நான் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லையோ' என்றுதானே! பரிசு சின்னதாக இருந்தால்தான் இந்த விளையாட்டு எல்லா வீட்டுக்கும் பொதுவானதாக இருக்கும்.

கத்தியும் மாவும்... பாட்டியும் பேத்தியும்

ஷூ விளையாட்டு பெற்றோரின் ரகசியம் என்றால், 'லோய்வபிரோய்த்' மொத்தக் குடும்பமும் கூடிச் செய்வது. 'இலை ரொட்டி' என்று பொருள். டிசம்பர் தொடக்கத்தில் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவார்கள். மாவை அப்பளம் போல மெல்லிய வட்டமாகத் தேய்ப்பார்கள். கோதுமை மாவு கப்பலில் வரவேண்டிய அரிய பொருளாக இருந்த காலத்துப் பழக்கம். கொஞ்ச மாவில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கிடைக்க வேண்டுமே!

பிறகுதான் பிள்ளைகளின் நேரம். சிறு கத்தியாலோ, பித்தளை உருளையாலோ வட்டத்தில் 'வி' வடிவக் கீறல்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு நுனியையும் மடக்கிவிடுவார்கள். நட்சத்திரம், இலை, பெயரின் முதல் எழுத்து என்று வட்டத்துக்கு வட்டம் கோலம் மாறும். பெரியவர்கள் கொதிக்கும் எண்ணெயில் பொரித்து எடுப்பார்கள்.

வாய்க்குள் ஒளிந்த பாதாம்

பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சியும் இந்த ஊர் கிறிஸ்துமஸில் உண்டு. அதற்குள் தோல் நீக்கிய முழு பாதாம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அது யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்குப் பரிசு. கண்டெடுத்தவர் கமுக்கமாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எல்லோரும் கஞ்சியைக் காலி செய்யும்வரை ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார். பரிசு பெரும்பாலும் குடும்பமே சேர்ந்து ஆடக்கூடிய ஒரு பலகை விளையாட்டாக இருக்கும்.

டிசம்பர் 24 மாலை 6 மணிக்குத் தேவாலய மணி ஒலிக்கும்போது கிறிஸ்துமஸ் பிறக்கிறது. இரவு விருந்து முடிந்து பரிசுகளைப் பிரித்தால் கட்டாயம் ஒரு புத்தகமாவது இருக்கும். இரண்டாம் உலகப்போர் காலத்தில் மற்ற பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, காகிதம் ஓரளவு தாராளமாகக் கிடைத்தது. அப்போது வேரூன்றிய பழக்கம், இன்று 'புத்தகப் பெருவெள்ளம்' என்றே அழைக்கப்படுகிறது. அன்றிரவு பெரியவர்கள், சிறியவர்கள் எல்லோரும் புதுப்புத்தகத்தோடு படுக்கைக்குப் போகிறார்கள்.

நேரில் பார்க்க...

ரெய்க்யவிக்கின் லாய்க்யர்தோர்க் சதுக்கத்தில், சுமார் 5 மீட்டர் உயரப் பூனை ஒன்று ஆயிரக்கணக்கான விளக்குகளோடு கண்ணை உருட்டி நிற்கும். தேசிய அருங்காட்சியகத்துக்கு டிசம்பர் 12 முதல் 24 வரை, தினம் ஒரு சகோதரர் பழங்காலக் கம்பளி உடையில் வந்து பிள்ளைகளைச் சந்திப்பார். 13 பேரின் 'வீட்டையே' பார்க்க வேண்டுமானால், நாட்டின் வடக்கே மீவட்ன் ஏரிக்கரையில் இருக்கும் திம்முபோர்கிர் போக வேண்டும். எரிமலைக் குழம்பு உறைந்து தூணும் குகையுமாக நிற்கும் அந்தக் கருப்பு நிலத்தில், யார் வேண்டுமானாலும் ஒளிந்திருக்கலாம் என்றுதான் தோன்றும்.

24 மதியத்துக்குப் பிறகு பெரும்பாலான கடைகள் மூடிவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டு நாள் சாப்பாட்டை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நடைபாதையில் பனி உறைந்து வழுக்கும் என்பதால் பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஜன்னலில் ஒரு ஷூ, அதற்குள் ஓர் ஆரஞ்சுப் பழம் அல்லது 'நேற்று நீ தங்கைக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்தேன்' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பாயசத்தில் ஒளிந்த ஒரு பாதாம் (மிகச் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்). இவற்றுக்குப் பெரிய செலவில்லை. பிள்ளைகள் தூங்கும்வரை அப்பாவும் அம்மாவும் விழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் நாள் தொடங்கி, வந்த வரிசையிலேயே தினம் ஒருவராக அந்தச் சகோதரர்கள் மலைக்குத் திரும்புவார்கள். ஜனவரி 6 அன்று, தீமூட்டி, வாணவேடிக்கையோடு கடைசி ஆளை வழியனுப்புகிறது ஐஸ்லாந்து. அதற்குள் பகல் பொழுதும் மெல்ல நீளத் தொடங்கியிருக்கும்.