"முதல்ல ராக்கெட் வரும்... அப்புறம்தான் சத்தம் வரும்!" - கும்மிடிப்பூண்டி மொட்டை மாடியில் ஒரு மாலை

"நைனா, எந்திரி நைனா... ராக்கெட் போயிடப் போகுது!"

"அஞ்சு நிமிஷம்டா கண்ணா."

"ராக்கெட்டு அஞ்சு நிமிஷம்லாம் நிக்காது. அது என்ன நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கலா?"

2025 ஜூலை 30, புதன்கிழமை, மாலை 5 மணி. கும்மிடிப்பூண்டியில் என் சித்தி வீட்டு மாடிப்படி ஏறும்போது கீழ் போர்ஷனிலிருந்து காதில் விழுந்த உரையாடல் இது. எழுப்பியவன் இரண்டாம் வகுப்பு. போர்வைக்குள் இருந்தவர் அவன் அப்பா. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுத்தவர். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஊரில் பல வீடுகளில் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். அதனால் அப்பா இங்கே 'நைனா'.

அன்று மாலை 5.40-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி-எஃப்16 ராக்கெட் கிளம்ப வேண்டும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய 'நிசார்' செயற்கைக்கோள் அதில் போகிறது. டிவியில் பார்த்தால் போதாதா என்று கேட்கிறீர்களா? கும்மிடிப்பூண்டிக்காரர்களிடம் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு மொட்டை மாடிதான் டிவி!

டிஃபன் பாக்ஸ் ரயில்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மதியமே லோக்கல் ரயில் பிடித்திருந்தேன். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். எண்ணூர் தாண்டியதும் பாலம், உப்பங்காற்று, வலது பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மீஞ்சூரைக் கடந்து பொன்னேரி நெருங்கும்போது காட்சி மாறி, வயல்கள் எட்டிப் பார்க்கும். கவரைப்பேட்டை தாண்டினால் கடைசி நிறுத்தம் கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை.

இந்த ரயிலில் பாதிப் பேர் கையில் டிஃபன் பாக்ஸ் பை இருக்கும். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா மட்டும் வீடியோ காலில் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேமராவ நோட்டு பக்கம் காட்டு. ஃபேன் பக்கம் காட்டாத... இப்ப உன் மூக்கு மட்டும்தான் தெரியுது. ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

அந்தப் பக்கம் சட்டென்று அமைதி. படம் அப்படியே உறைந்து நின்றது.

"நெட்வொர்க் போயிடுச்சா?" என்றேன்.

"நெட்வொர்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அசையாம உக்காந்து ஆக்ட் பண்றா. பின்னாடி ஃபேன் சுத்துது பாருங்க!" என்றார் சிரித்தபடி. பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து சிரித்தார்கள்.

ஷிப்ட் தெரிந்த குழந்தைகள்

தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகள் அமைக்கும் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது 1971-ல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்ததும் அதே ஆண்டுதான், அக்டோபர் 9-ம் தேதி. இரண்டும் அக்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஊர் கும்மிடிப்பூண்டி. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு நேரக் கணக்கும் அத்துப்படி. ஒன்று, ராக்கெட் கிளம்பும் நேரம். இன்னொன்று, அப்பா கிளம்பும் நேரம்.

காலை 6 முதல் 2 வரை ஃபர்ஸ்ட் ஷிப்ட். 2 முதல் இரவு 10 வரை செகண்ட். 10 முதல் காலை 6 வரை நைட். பல கம்பெனிகளில் இதுதான் கணக்கு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாலையில் அப்பா வீட்டில் இருப்பார். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் 'உஷ்... அப்பா தூங்குறாரு'. செகண்ட் ஷிப்ட்தான் கொடுமை. பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது அப்பா வேலையில். அப்பா திரும்பும்போது பிள்ளை தூக்கத்தில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்ப்பார்கள்.

ராக்கெட்டையும் ஷிப்ட்டை வைத்துத்தான் இங்கே நினைவு வைத்திருக்கிறார்கள். 2019-ல் சந்திரயான்-2 முதலில் ஜூலை 15 அதிகாலை 2.51-க்குக் கிளம்புவதாக இருந்தது. சித்தப்பா நைட் ஷிப்ட்டுக்கு லீவு போட்டு, பிள்ளைகளை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனார். சித்தி ஃபிளாஸ்க்கில் டீ போட்டு வைத்திருந்தார். கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது, தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுத்திவிட்டார்கள். பிறகு ஜூலை 22 மதியம் 2.43-க்கு அது பறந்தபோது, சித்தப்பா செகண்ட் ஷிப்ட்டில் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்!

"2023-ல சந்திரயான்-3 மதியம் 2.35-க்கு. அன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். 2 மணிக்கு வெளிய வந்தவரு வீட்டுக்குக்கூட வரல. ஸ்கூல் பக்கமா போயி, காம்பவுண்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே பாத்திருக்காரு. பொண்ணு உள்ள, இவரு வெளிய. ரெண்டு பேரும் சேர்ந்து பாத்தோம்னு சொல்லிக்கிறாங்க" என்று சிரித்தார் சித்தி.

பாப்பாவா... பாபாவா?

5.15-க்கெல்லாம் மாடி நிரம்பிவிட்டது. நடு போர்ஷனில் பீகாரிலிருந்து வந்த குடும்பம். அவர்களுடைய ஐந்து வயது மகள் அப்பாவை "பாப்பா... பாப்பா..." என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தாள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு இது பெரிய பஞ்சாயத்து.

"ஏண்டி, அவ்ளோ பெரிய மீசை வச்ச ஆளைப் போயி பாப்பாங்குற. நீதானடி பாப்பா!"

"நான் பாப்பா இல்ல ஆயா. நான் யு.கே.ஜி!"

குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகிறதாம். அதற்குள் அந்தக் குட்டியின் வாயில் தமிழ் கொட்டுகிறது. அவள் அப்பாவுக்கு இன்னும் தடுமாற்றம். மளிகைக் கடைக்கு மகளைக் கூட்டிப்போனால்தான் சரியான பருப்பு கிடைக்குமாம். "இவதான் எனக்கு டீச்சர். தப்பு சொன்னா அடிப்பா" என்று உடைந்த தமிழில் அவர் சொல்ல, "மெதுவாத்தான் அடிப்பேன்" என்று திருத்தினாள் டீச்சர்.

நம்ம இரண்டாம் வகுப்பும் நைனாவைத் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டான். லுங்கி, கலைந்த தலை, பாதி மூடிய கண். "ராக்கெட்டு எந்தப் பக்கம்டா?" என்று அவர் தெற்கே பார்த்துக் கேட்க, மகன் அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து வடக்குப் பக்கம் திருப்பி வைத்தான்.

"சத்தத்துக்கு எண்ணணும் நைனா. மறந்துடாத."

ஏவுதளம் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். ஒளி கண்ணிமைக்கும் முன் வந்துவிடும். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. அதனால் ராக்கெட் கண்ணில் பட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத்தான் அதன் உறுமல் இந்த மாடிகளுக்கு வந்து சேரும்.

அந்த இரண்டு நிமிடத்தை நான் ஒருமுறை வாழ்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்காகக் காத்திருந்த சத்தம்

நான் வளர்ந்தது கவரைப்பேட்டை. அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. 2008 அக்டோபர் 22, காலை 6.22-க்கு சந்திரயான்-1. எனக்கு எட்டு வயது. "ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்துடுறேன், சேர்ந்து பாக்கலாம்" என்று முந்தைய இரவு சொல்லிவிட்டுப் போயிருந்தார். 6 மணிக்கு வேலை முடிந்து, டி.வி.எஸ். 50-ஐக் கிளப்பி, 22 நிமிடத்துக்குள் வீட்டு மாடியில் இருக்க வேண்டும்.

மழைக்காலம். வானம் முழுக்க மேகம். அம்மாவும் நானும் மாடியில் நின்றோம். பக்கத்து வீட்டு டிவியில் எண்ணிக்கை முடிந்து கைதட்டல் கேட்டது. மேகத்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் தெரிந்தது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

அப்போதுதான் தெருமுனையில் வண்டிச் சத்தம். நனைந்த யூனிஃபார்ம், தோளில் டிஃபன் பையோடு அப்பா இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு! நீங்க லேட்டு!" என்று கத்திவிட்டு அழ ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

திடீரென்று வடக்கிலிருந்து இடி உருண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். நிற்காமல் உருண்டுகொண்டே இருந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

"பாத்தியா... எனக்காக சத்தம் வெயிட் பண்ணிட்டு இருந்திருக்கு!"

நம்பினேன். பல வருடம் நம்பினேன். அறிவியல் வகுப்பில் ஒலியின் வேகம் நடத்தியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. சமீபத்தில் போனில் கேட்டேன், "உங்களுக்கு அப்பவே அது தெரியுமாப்பா?"

"எனக்கு எங்கம்மா தெரியும்? உன் அழுகைய நிறுத்தணும். அந்த நேரத்துக்கு வாய்ல வந்தத சொன்னேன்."

நூற்றுக்கு மேல் மிஸ் சொல்லித் தரல!

5.40. "அதோ!" என்று பாட்டிதான் முதலில் பார்த்தார். தூரத்து மரங்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. அது மெல்ல எழும்பி, பின்னால் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே மேகத்துக்குள் போனது. 51.7 மீட்டர் உயர ராக்கெட் இங்கிருந்து பார்த்தால் கம்பி மத்தாப்பு அளவுதான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." பையன் ஆரம்பித்துவிட்டான். பீகார் குட்டி தமிழில் சேர்ந்துகொள்ள, அவள் பாப்பா இந்தியில் பின்பாட்டு. "தொண்ணூத்தொம்போது... நூறு..." அதோடு நின்றுவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"நூறுக்கு மேல மிஸ் இன்னும் சொல்லித் தரல."

இதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நைனா, "நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு..." என்று எடுத்துக்கொடுத்தார். நூற்றுப் பதினைந்தோ பதினாறோ சொல்லும்போது வந்தது அந்த உறுமல். மாடி முழுக்க ஒரே கூச்சல். பையன் நைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ கரெக்டா எண்ணுன நைனா!" என்று சர்டிஃபிகேட் கொடுத்தான். இன்னும் நாலு மணி நேரத்தில் அவர் மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

மாடியில் ஒரு மூலையில் நின்ற நான்காம் வகுப்புச் சிறுமி மட்டும் கத்தவில்லை. அவள் அப்பாவுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். கையில் கிழித்த நாள்காட்டித் தாள் ஒன்றை வைத்து, பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "இவளும் இவ அப்பாவும் இந்த வாரம் பூரா லெட்டர்லதான் பேசிக்குவாங்க. ஃப்ரிட்ஜ் மேல வச்சிட்டுத் தூங்கிடுவா" என்றார் அவள் அம்மா.

நீங்களும் போகலாம்

ராக்கெட் நாளில் குழந்தைகளோடு போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்ரீஹரிகோட்டாவிலேயே பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019 முதல் இருக்கிறது. இஸ்ரோ இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பக்கத்து ரயில் நிலையம் சூலூர்பேட்டை.

பொன்னேரியிலிருந்து பேருந்தில் பழவேற்காடு போனால் வெட்டவெளி. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் என்று பகல் முழுக்கச் சுற்றலாம். ஆனால், ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். ராக்கெட் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பார்கள். முன்பு ஒருமுறை அங்கே போனபோது, "இன்னிக்கு எங்கப்பாவுக்கு லீவு!" என்று குதித்தான் ஒரு பையன். அவன் அம்மா மெதுவாகச் சொன்னார், "அவனுக்கு லீவு நாளு. எங்களுக்கு வருமானம் இல்லாத நாளு." அங்கே போனால் நண்டோ இறாலோ பேரம் பேசாமல் வாங்குங்கள்.

எங்கே நின்று பார்த்தாலும் சரி, ராக்கெட் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். குழந்தையோடு சேர்ந்து எண்ணுங்கள்.

மறுநாள் மதியம் ஆபீஸில் இருந்தபோது, சித்தி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அந்த நாள்காட்டித் தாள். மேலே குண்டு குண்டாகப் பென்சில் எழுத்து: 'அப்பா, ராக்கெட் பாத்தேன். சூப்பர். சத்தம் உனக்குக் கேட்டுச்சா?'

கீழே நீல மையில் பதில்: 'கேட்டுச்சு கண்ணு. மெஷின்தான் போச்சுன்னு நெனச்சு சூப்பர்வைசர் ஓடினாரு. ராக்கெட்டு சார்னு நான்தான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை மிச்சக் கதை.'