முதல் மாதத்து வேலை

பெண் கர்ப்பமாயிருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியும். பாட்டி குங்குமப்பூ வாங்கி வரச் சொல்வாள். அத்தை வீட்டிலிருந்து மாங்காய் வரும். பப்பாளிப் பழம் வாசற்படி ஏறக் கூடாதென்று தடையுத்தரவு பிறக்கும். 2021-ஆம் வருஷத்தில் நம் வீட்டிலும் இவை யாவும் குறைவின்றி நடந்தன. ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு நாள்கூடப் பார்த்து வைத்தோம்.

வளைகாப்பு நடக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஸ்கான் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாள் சற்று நேரம் மௌனமாயிருந்தார். குழந்தையின் முதுகெலும்பு மூடாமல் இருக்கிறது, மூளையும் பழுதுபட்டிருக்கிறது, பிழைப்பது துர்லபம் என்று பிறகு மெல்லச் சொன்னார்.

"எந்த மாதத்தில் இப்படி ஆயிற்று, அம்மா?" என்று கேட்டோம். மூன்றாம் மாதம், நான்காம் மாதம் என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தோம்.

"முதல் மாதத்தில்" என்றார் அவர்.

அன்றுதான் இந்த விஷயத்தை நாம் கற்கத் தொடங்கினோம். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கரு ஒரு சிறு தகடு போலிருக்கிறது. அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளத்தின் இரு கரைகளும், வெற்றிலையைச் சுருட்டுவது போல, உயர்ந்து வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் குழலாகின்றன. குழலின் மேற்பாகம் மூளையாகிறது. கீழ்ப்பாகம் முதுகுத் தண்டாகிறது. சுமார் 28-ஆம் நாளுக்குள் அதன் இரு வாயும் அடைபட்டுவிட வேண்டும். அப்பொழுது கரு ஓர் அரிசிமணி அளவுகூட இல்லை. ஆயினும் அதன் இருதயம் சுமார் 22-ஆம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது! 8 வாரம் முடிவதற்குள் கண், காது, கை, கால் முதலிய முக்கிய அவயவங்களுக்கெல்லாம் அஸ்திவாரம் விழுந்துவிடுகிறது. பின்னர் நடப்பது பெரும்பாலும் வளர்ச்சியே. ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்பதால், வளைகாப்பு வளையல்களின் ஓசை வீண் போவதில்லை.

28-ஆம் நாள் என்பது எது? நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும் சமயம். வீட்டார் காதோடு காதாகப் பேசிக் கொள்ளும் வேளை. குங்குமப்பூ வந்து சேர்வதற்குள் குழல் மூடிவிடுகிறது. அல்லது மூடாமலே போய்விடுகிறது. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில், கருவிலிருக்கும் உயிர் மாதந்தோறும் ஆபத்துகளுக்குத் தப்பி வருவதை மாணிக்கவாசகர் எண்ணிச் சொல்கிறார். அவர் கணக்கு முதல் மாதத்திலேயே தொடங்குகிறது. நம் கணக்குத்தான் பிந்தித் தொடங்கியது.

இதற்குப் பரிகாரம் உண்டு. அதன் கதை நம் தேசத்திலேயே ஆரம்பமாகிறது. 1928-ல் லூஸி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் பம்பாய்க்கு வந்து, துணி மில்களில் உழைத்த கர்ப்பிணிகளின் சோகை நோயை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்த மார்மைட் என்ற மலிவான உணவு அதைக் குணப்படுத்துவதாக 1931-ல் வெளியிட்டார். அதிலிருந்த சத்தே, 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. ஒரு முறை இக்குறையுள்ள குழந்தையைக் கருவுற்ற தாய்மார், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அதை உட்கொண்டால், குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைகிறது என்று 7 நாடுகளில் நடந்த சோதனை 1991-ல் காட்டியது.

எல்லாக் குறைகளையும் இம்மாத்திரை தடுத்துவிடாது. நம் பெண்ணுக்கு நேர்ந்ததற்கு இதுவே காரணமென்று டாக்டரம்மாளும் சொல்லவில்லை. ஆயினும், எல்லோரும் உண்ட பிறகு, கீரையும் பருப்பும் தீர்ந்த பாத்திரத்தின் எதிரே நம் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்ததை நினைத்தால் நெஞ்சு சுடத்தான் செய்கிறது.

அடுத்த தடவை வைத்தியர் சொற்படி முன்கூட்டியே மாத்திரை தொடங்கினாள். 2023-ல் வளைகாப்பு நடந்தது, பேத்தி பிறந்தாள்.

இளைய பெண்ணுக்கு இப்போது கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து முதல் மூன்று மாதம் முடியும் வரை தினம் 400 மைக்ரோகிராம் போதுமென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். சீர்வரிசைத் தட்டில் மஞ்சள் குங்குமத்துக்குப் பக்கத்தில் அந்த மாத்திரைகளையும் வைக்கப் போகிறோம். சம்பந்தி வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.